சாட்ஸ்வர்த்: ஒரு மாளிகை பிழைத்த கதை

1950 நவம்பர் 26. இங்கிலாந்தின் தென்கடற்கரை ஊரான ஈஸ்ட்போர்னில், தன் வீட்டில் விறகு வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் மாரடைப்பில் சாய்ந்தார். வயது 55. அவர் எட்வர்ட் கேவண்டிஷ், பத்தாவது டெவன்ஷயர் டியூக். சொத்தில் பெரும்பகுதியை 1946லேயே மகன் பெயருக்கு எழுதிவைத்திருந்தார். எழுதிக்கொடுத்தவர் அதன்பின் 5 ஆண்டு உயிரோடு இருந்துவிட்டால் அந்தச் சொத்துக்கு மரண வரி கிடையாது என்பது அன்றைய சட்டம். இன்னும் சில மாதங்கள்தான் பாக்கி. அதற்குள் மரணம் முந்திக்கொண்டது.

வரி 80 சதவீதம். நூறு ரூபாய் சொத்துக்கு எண்பது ரூபாய் அரசுக்கு என்றால் யாருக்கும் தலை சுற்றும். முப்பது வயது மகன் ஆண்ட்ரூவின் தலையில் விழுந்தது லட்சக்கணக்கான பவுண்டு கடன். கடனோடு சேர்ந்து கைக்கு வந்தது, டெர்பிஷயர் மலைச்சரிவில் நானூறு ஆண்டுகளாக அவருடைய குடும்பம் கட்டியும் இடித்தும் திரும்பக் கட்டியும் வந்த சாட்ஸ்வர்த் மாளிகை. கூரையின் பரப்பு மட்டுமே ஒரு ஏக்கருக்கு மேல். அந்தக் கூரை ஒழுகினால் யார் பார்ப்பது?

அந்த ஆண்டுகளில் இங்கிலாந்து முழுவதும் இதே கேள்வி எழுந்தது. பலருக்கு விடை கடப்பாரையாகத்தான் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அந்நாட்டில் இடிக்கப்பட்ட இத்தகைய மாளிகைகள் ஆயிரத்துக்கும் மேல். 1950களில் அந்த இடிப்பு உச்சத்தில் இருந்தது. ஓடுகள், மரப்பலகைகள், பளிங்குக் கணப்படுப்புகள் எல்லாம் பழைய சாமான் வியாபாரிகளிடம் போயின. சாட்ஸ்வர்த் தப்பியது.

இவ்வளவு பெரிய சொத்துகள் எப்படிச் சேர்ந்தன, எப்படி நூற்றாண்டுக் கணக்கில் சிதறாமல் நின்றன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நம்மிடம் அப்பா கண் மூடினால் பாகப்பிரிவினை. மூன்று தலைமுறையில் முப்பது ஏக்கர் மூன்று ஏக்கராகிவிடும். ஆங்கிலேயப் பிரபுக் குடும்பங்களில் பட்டம், நிலம், வீடு எல்லாம் மூத்த மகனுக்கே போகும். இளையவர்கள் ராணுவத்துக்கோ தேவாலயத்துக்கோ வேறு தொழிலுக்கோ போய்ப் பிழைத்துக்கொள்ள வேண்டும். திருமணங்கள் வழியாக நிலம் கூடிக்கொண்டே போனது, குறையவில்லை. அந்த நிலத்தை உழுதவர்கள் செலுத்திய குத்தகையில்தான் மாளிகை எழுந்தது. சாட்ஸ்வர்த் குடும்பத்துக்கு இதோடு ஈயச் சுரங்கமும் செப்புச் சுரங்கமும் இருந்தன. அயர்லாந்திலிருந்தும் குத்தகைப் பணம் வந்தது. அந்த மாளிகையின் அழகைப் பேசும்போது, முகம் தெரியாத அந்தக் குத்தகைக்காரர்களையும் சுரங்கத் தொழிலாளர்களையும் சேர்த்தே பேசுவதுதான் நியாயம்.

கதையைத் தொடங்கிவைத்தவர் ஒரு பெண். ஹார்ட்விக் ஊர்க்காரரான பெஸ், டெர்பிஷயரின் நடுத்தரக் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு முறை மணமானவர். நான்கு கணவர்களும் அவருக்கு முன்பே இறந்தார்கள். ஒவ்வொரு திருமணமும் அவரை ஒரு படி மேலே ஏற்றியது. இரண்டாவது கணவர் சர் வில்லியம் கேவண்டிஷ், எட்டாம் ஹென்றி மன்னர் மடாலயங்களைக் கலைத்து அவற்றின் சொத்துகளைப் பறித்தபோது அந்த வேலையைச் செய்த அதிகாரிகளில் ஒருவர். அதில் அவரும் வளம் பெற்றார். வேறு இடங்களில் இருந்த நிலங்களை விற்றுவிட்டுத் தன் சொந்த மண்ணில் வாங்கும்படி அவரை இணங்கவைத்தவர் பெஸ். 1549ல் சாட்ஸ்வர்த் கைமாறியது, 600 பவுண்டுக்கு. 1552ல் டெர்வென்ட் ஆற்றங்கரையில் வீடு எழும்பத் தொடங்கியது.

ஸ்காட்லாந்தின் ராணி மேரி இங்கிலாந்தில் சிறைப்பட்டிருந்தபோது, அவரைக் காவலில் வைக்கும் பொறுப்பு பெஸ்ஸின் நான்காவது கணவர் ஷ்ரூஸ்பரி பிரபுவிடம் இருந்தது. அதனால் 1569க்கும் 1584க்கும் இடையே மேரி பலமுறை இங்கே தங்கவைக்கப்பட்டார். அந்த வீடு இன்று இல்லை. மலை மேல் மரங்களுக்கிடையே நிற்கும் வேட்டைக் கோபுரம் பெஸ் காலத்தின் சாட்சி.

இப்போது நிற்கும் மாளிகையைக் கட்டியவர் முதலாவது டியூக். 1688ல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரை இறக்கிவிட்டு ஆட்சிக்கு வரும்படி ஆரஞ்சின் வில்லியமை அழைத்த கடிதத்தில் கையெழுத்திட்ட ஏழு பேரில் ஒருவர் அவர். டியூக் பட்டம் 1694ல் கிடைத்தது. வீட்டின் தெற்குப் பக்கத்தை மட்டும் புதுப்பிப்பதாகத்தான் 1687ல் வேலையைத் தொடங்கினார். வீடு கட்டியவர்களுக்கு இது புரியும், ஒரு பக்கத்தைத் தொட்டால் அடுத்த பக்கம் பழசாகத் தெரியும். கிழக்கு, மேற்கு, வடக்கு என்று நான்கு பக்கமும் புதிதாக எழுந்தன. 1707ல் வேலை முடிந்தது. அதே ஆண்டு அவரும் இறந்தார்.

அவர் காலத்தில் மலைச்சரிவில் அமைத்த படிக்கட்டு அருவியை, அது ஓடும்போது நின்று கேட்க வேண்டும். மேலேயிருந்து 24 வரிசைப் படிகளில் தண்ணீர் தவழ்ந்து இறங்கும். வரிசைக்கு வரிசை படிகளின் எண்ணிக்கையும் அகலமும் மாறுவதால் தண்ணீரின் ஓசையும் மாறும். ஓரிடத்தில் சலசலப்பு, இன்னோரிடத்தில் சிறு முழக்கம். வீட்டுக்குள் இசையறையில் பாதி திறந்த கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு. அதில் நாடாவில் தொங்குகிறது ஒரு வயலின். நரம்புகளின் நிழல் கூட மரத்தில் விழுந்திருக்கிறது. அருகில் போய்ப் பார்த்தால்தான் தெரியும், அது ஓவியம். யான் வான் டர் வார்ட் என்ற டச்சு ஓவியர் தீட்டியது. லண்டன் வீட்டிலிருந்து கதவோடு பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே பொருத்தினார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் ரசனை மாறியது. கத்தரித்த செடிகளும் கோடு போட்ட பாத்திகளும் அலுத்துப்போய், இயற்கையாகத் தெரியும் நிலக்காட்சி மேல் மோகம் வந்தது. நான்காவது டியூக் அந்தக் கலையின் பெருந்தச்சரான ‘கேப்பபிலிட்டி’ பிரவுனை அழைத்தார். இன்று சாட்ஸ்வர்த் முன்னால் விரியும் புல்வெளி, ஆற்றின் வளைவு, குன்றின் மேல் மரத்தோப்பு எல்லாம் கடவுள் படைத்த காட்சி போலத் தோன்றும். பிரவுனின் ஆட்கள் மண்ணை வெட்டி, மேட்டைச் சரித்து, மரம் நட்டு உண்டாக்கியது அது.

அந்தக் காட்சிக்கு நடுவே ஒரு கிராமமும் இருந்தது. பெயர் ‘எடன்சர்’ என்று எழுதப்பட்டாலும் ஊரார் உச்சரிப்பது ‘என்சர்’. மாளிகையிலிருந்து பார்த்தால் கண்ணில் பட்ட வீடுகளை நான்காவது டியூக் காலத்தில் அகற்றினார்கள். மிச்சமிருந்ததை ஆறாவது டியூக் 1838 முதல் 1842 வரை மேட்டுக்கு அப்பால் நகர்த்திப் புதிதாகக் கட்டிக்கொடுத்தார். ஒரு வீடு சுவிட்சர்லாந்து பாணி, அடுத்தது இத்தாலியப் பாணி, அதற்கடுத்தது கோட்டை போல. பழைய குடிசைகளைவிட இவை உறுதியானவை, வசதியானவை என்பது உண்மை. குடியிருந்தவர்களின் விருப்பத்துக்கு அதில் இடமில்லாமல் போனதும் உண்மை. பழைய ஊரில் ஒரே ஒரு வீடு மட்டும் புல்வெளியில் தனியாக நிற்கிறது.

சாட்ஸ்வர்த்தின் பொற்காலம் அந்த ஆறாவது டியூக்கின் காலம். திருமணம் செய்துகொள்ளாதவர், காது சற்று மந்தம். லண்டனுக்கு அருகே சிஸ்விக்கில் அவருடைய வீட்டை ஒட்டியிருந்த தோட்டக்கலைச் சங்கத் தோட்டத்தில் ஓர் இளைஞனைப் பார்த்தார். பெட்ஃபர்ட்ஷயர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, பெயர் ஜோசப் பாக்ஸ்டன், வயது 22. அவன் பேசுவது டியூக்குக்குத் தெளிவாகக் கேட்டது. வேலையில் ஆர்வமும் தெரிந்தது. சாட்ஸ்வர்த்தின் தலைமைத் தோட்டக்காரராக வைத்துக்கொண்டு, ரஷ்ய மன்னர் முதலாம் நிக்கலஸின் முடிசூட்டு விழாவுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

பாக்ஸ்டன் 1826 மே 9 அன்று அதிகாலை நாலரை மணிக்குச் சாட்ஸ்வர்த் வந்து சேர்ந்தார். வாயிற்கதவு திறக்கவில்லை. மதில் ஏறிக் குதித்தார். தோட்டம் முழுவதையும் சுற்றிப் பார்த்தார். ஆறு மணிக்கு வேலையாட்கள் வந்ததும் அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்தார். அருவியையும் ஊற்றுகளையும் திறந்துவிடச் சொல்லிப் பார்த்தார். பிறகு வீட்டு நிர்வாகியம்மாவோடு காலைச் சாப்பாடு. அங்கே அந்த அம்மாவின் உறவுக்காரப் பெண் சாரா இருந்தார். இருவருக்கும் பிடித்துப்போனது. இத்தனையும் ஒன்பது மணிக்குள். இதைப் பின்னாளில் எழுதிவைத்தவர் பாக்ஸ்டனே. அடுத்த ஆண்டு சாராவை மணந்தார். அவர் ஊர் ஊராகப் போனபோதெல்லாம் தோட்டத்துக் கணக்கையும் ஆட்களையும் நிர்வகித்தவர் சாராதான்.

ரஷ்ய மன்னர் 1844ல் இங்கிலாந்து வரப்போகிறார் என்று தெரிந்ததும், அவர் கண் முன்னால் உலகிலேயே உயரமான நீரூற்று எழ வேண்டும் என்று டியூக் ஆசைப்பட்டார். மலை மேல் எட்டு ஏக்கரில் ஓர் ஏரியைத் தோண்டினார்கள். இரவிலும் தீப்பந்த வெளிச்சத்தில் வேலை நடந்தது. ஆறே மாதத்தில் முடிந்தது. பம்பு கிடையாது, இயந்திரம் கிடையாது. மலையிலிருந்து குழாய் வழியே இறங்கும் தண்ணீரின் அழுத்தமே அதை 296 அடி உயரத்துக்குப் பீய்ச்சியது. மன்னர் சாட்ஸ்வர்த்துக்கு வரவே இல்லை. ஆனாலும் பேரரசர் என்று பொருள்படும் ‘எம்பரர்’ என்ற பெயர் நிலைத்தது. அந்த ஏரித் தண்ணீரைக் கொண்டே 1893ல் மின்சாரம் எடுத்து மாளிகைக்கு விளக்கேற்றினார்கள்.

அந்த நீரூற்றுக்கும் முன்பே பாக்ஸ்டன் கண்ணாடியில் ஒரு மலையைக் கட்டிவிட்டார். 1836ல் தொடங்கி 1840 வாக்கில் எழுந்த பெரிய கண்ணாடிக் கூடத்தின் நீளம் 277 அடி, அகலம் 123 அடி. உள்ளே வெப்பமண்டல மரங்கள், நடுவே குதிரைவண்டி ஓடும் பாதை. எட்டுக் கொதிகலன்களும் ஏழு மைல் நீளக் குழாய்களும் அதைச் சூடாக வைத்திருந்தன. நிலக்கரி சுரங்கப்பாதையில் வந்தது. புகையும் மண்ணுக்கடியிலேயே மலைப்பக்கம் போனது. 1843 டிசம்பரில் விக்டோரியா ராணி இதனுள் திறந்த வண்டியில் போனபோது 12,000 விளக்குகள் எரிந்தன.

செடிகளுக்காக உலகெங்கும் ஆட்கள் போனார்கள். 1835ல் புறப்பட்ட இளம் தோட்டக்காரர் ஜான் கிப்சன் கல்கத்தா வந்து, வடகிழக்கு இந்தியாவின் காசி மலைகளில் ஏறி, ஆர்க்கிட் செடிகளைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோனார். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு அனுப்பப்பட்ட வாலஸ், பேங்க்ஸ் என்ற இரண்டு தோட்டக்காரர்கள் திரும்பவில்லை. 1838ல் கொலம்பியா ஆற்றில் படகு கவிழ்ந்து இறந்தார்கள். அரிய செடி ஒன்றின் விலை சில நேரம் மனித உயிராக இருந்தது.

கண்ணாடி வீட்டில் வளர்ந்த ஒரு செடி தமிழ் வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. மொரீசியஸ் வழியாக இங்கிலாந்து வந்த ஒரு குட்டை வாழையைப் பாக்ஸ்டன் வாங்கி வளர்த்தார். 1835 நவம்பரில் அது பூத்தது, பிறகு குலை தள்ளியது. டியூக்கின் குடும்பப் பெயரை அதற்குச் சூட்டினார்கள்: கேவண்டிஷ். சாட்ஸ்வர்த்திலிருந்து கன்றுகளை ஜான் வில்லியம்ஸ் என்ற பாதிரியார் பசிபிக் கடலின் சமோவா தீவுக்குக் கொண்டுபோனார். இருபதாம் நூற்றாண்டில் ‘குரோ மிஷல்’ என்ற ஏற்றுமதி வாழையைப் பனாமா வாடல் நோய் அழித்தபோது, அதைத் தாங்கி நின்ற கேவண்டிஷ் இனம் உலகச் சந்தையைப் பிடித்தது. இன்று நாடு விட்டு நாடு போகும் வாழைப்பழம் கிட்டத்தட்ட முழுவதும் இந்த இனம். தேனி, திருச்சிப் பக்கம் பயிராகும் ஜி-9 ரகமும், பெட்டிக்கடைத் தாரில் தொங்கும் மோரிஸ் பழமும் கேவண்டிஷ் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். வாழையின் பூர்வீகம் ஆசியா. பெயர் மட்டும் ஒரு டெர்பிஷயர் குடும்பத்துடையது.

இன்னொரு செடி கட்டடக் கலையையே மாற்றியது. 1849ல் கியூ தோட்டத்திலிருந்து வந்த அமேசான் ராட்சத அல்லிக் கன்று, பாக்ஸ்டன் அமைத்த வெந்நீர்த் தொட்டியில் மூன்றே மாதத்தில் பூத்தது. இலை எவ்வளவு கனம் தாங்கும் என்று பார்க்கத் தன் சின்ன மகள் ஆனியை அதன் மேல் நிறுத்தினார் பாக்ஸ்டன். இலை முங்கவில்லை. அடியில் ஓடும் நரம்புகளின் பின்னல்தான் அந்த வலுவுக்குக் காரணம். அல்லிக்காகக் கட்டிய கண்ணாடிக் கூரையின் அமைப்பே 1851 லண்டன் பொருட்காட்சியின் படிகமாளிகைக்கு முன்மாதிரி. 1850 ஜூனில் ரயில்வே நிறுவனக் கூட்டமொன்றில் உட்கார்ந்தபடி, மையொற்றும் தாளில் அதன் முதல் படத்தைக் கிறுக்கினார். அந்தத் தாள் லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் பத்திரமாக இருக்கிறது.

ஆறாவது டியூக் செலவாளி. பெருங்கடன் வைத்துவிட்டுப் போனார். ஆனால் தோட்டத்தைப் பூட்டி வைக்கவில்லை. வருகிறவர் யாராயிருந்தாலும் நீரூற்றுகளைத் திறந்துவிட வேண்டும் என்பது அவர் உத்தரவு. 1849ல் ரயில் பாதை பக்கத்து ரௌஸ்லி வரை வந்தபோது, அந்த ஒரு கோடையில் மட்டும் 80,000 பேர் வந்தார்கள். பெரும்பாலும் தொழில் நகரங்களின் சாமானிய மக்கள்.

பிறகு இறங்குமுகம். அமெரிக்கக் கோதுமை வந்து குவிந்ததில் விளைபொருள் விலை சரிந்தது, குத்தகையும் குறைந்தது. ஒன்பதாவது டியூக் 1908ல் பட்டத்துக்கு வந்தபோதே மரண வரி கட்ட வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் அச்சுக்கலை முன்னோடி காக்ஸ்டன் அச்சிட்ட நூல்களும் ஷேக்ஸ்பியரின் பழம்பதிப்புகளும் அமெரிக்காவுக்குப் போயின. லண்டன் பிக்காடிலியில் இருந்த டெவன்ஷயர் மாளிகையை விற்றார்கள், வாங்கியவர்கள் இடித்தார்கள். முதல் உலகப் போரில் நிலக்கரி கிடைக்காததால் கண்ணாடிக் கூடத்துச் செடிகள் குளிரில் செத்தன. திரும்ப உயிர்ப்பிக்கப் பணமில்லை. 1920ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். பலமுறை முயன்ற பிறகே அது சாய்ந்தது.

இரண்டாம் போரில் வேறு வகை வாழ்க்கை. ராணுவம் வந்தால் வீடு பாழாகும் என்று கருதிய டியூக், வேல்ஸிலிருந்து இடம்பெயர்ந்த பென்ரோஸ் பெண்கள் பள்ளியை உள்ளே விட்டார். மன்னர்களுக்காக அலங்கரித்த அறைகளில் மாணவிகளின் இரும்புக் கட்டில்கள் வரிசையாகப் போடப்பட்டன. அந்தப் போரிலேயே குடும்பத்தின் மூத்த மகன் வில்லியம் 1944 செப்டம்பரில் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டார். நான்கு மாதம் முன்புதான், பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜான் கென்னடியின் தங்கை கேத்லீனை மணந்திருந்தார். 1948ல் கேத்லீனும் விமான விபத்தில் இறந்தார். அண்ணன் இறந்ததால்தான் எதிர்பாராமல் இளையவர் ஆண்ட்ரூ வாரிசானார், அந்த 80 சதவீத வரிக்கும் சேர்த்து.

ஆண்ட்ரூ பேரம் பேசியும் விற்றும் கட்டியும் வரியை முடிக்கப் பதினேழு ஆண்டு ஆனது. ஸ்காட்லாந்திலும் சசெக்ஸிலும் டெர்பிஷயரிலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் போயிற்று. பெஸ் கட்டிய ஹார்ட்விக் மாளிகை அரசுக்குப் போய், அங்கிருந்து தேசிய அறக்கட்டளையிடம் சேர்ந்தது. ஹோல்பைன் வரைந்த எட்டாம் ஹென்றியின் பெரிய கோட்டோவியம், ரெம்பிராண்ட் ஓவியம் ஒன்று உட்பட மிகச் சிறந்த ஒன்பது கலைப்பொருள்கள் வரிக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டன. அவை இன்று பொது அருங்காட்சியகங்களில் எல்லோர் பார்வைக்கும் இருக்கின்றன. அந்த வகையில் வரி தன் வேலையைச் சரியாகவே செய்தது என்று சொல்ல வேண்டும்.

மீதியைக் காப்பாற்றிய பெருமையில் பாதி ஆண்ட்ரூவின் மனைவி டெபோராவுக்கு. போருக்குப் பின் தூசி படிந்து கிடந்த வீட்டை ஹங்கேரியிலிருந்து வந்த இரு அகதிச் சகோதரிகளின் தலைமையில் சுத்தம் செய்து, 1949ல் மீண்டும் மக்களுக்குத் திறந்தார்கள். 1959ல் குடும்பமும் குடிவந்தது. நகரத்துக் குழந்தைகளுக்குப் பால் எங்கிருந்து வருகிறது என்று காட்டுவதற்காக 1973ல் டெபோரா ஒரு பண்ணை முற்றம் தொடங்கினார். எல்லோர் முன்னிலையிலும் பால் கறப்பார்கள். 1977ல் பண்ணைக் கடை, எஸ்டேட் இறைச்சியும் விளைபொருளும் அங்கே விற்பனை. கோழி வளர்ப்பதில் அவருக்கிருந்த பிரியம் ஊரறிந்தது. வரவுசெலவைக் கவனிக்கும் கெட்டிக்காரத்தனமும் அவருக்கு இருந்தது. 1981ல் ஓர் அறக்கட்டளை உருவானது. பூசானின் ஓவியம் ஒன்றை விற்று அதற்கு முதல் போட்டார்கள். மாளிகையும் தோட்டமும் பூங்காவும் அறக்கட்டளைக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. தாங்கள் குடியிருக்கும் பகுதிக்குக் குடும்பமே அறக்கட்டளைக்கு வாடகை கொடுக்கிறது.

2018 கோடையில் மழை பொய்த்தது. தெற்குப் புல்வெளி காய்ந்து பழுப்பானபோது, அதில் வளைவுகளும் வட்டங்களுமாக ஒரு கோலம் தெரிந்தது. முதலாவது டியூக் காலத்துப் பூப்பாத்திகளின் தடம், முந்நூறு ஆண்டுக்குப் பிறகு மண்ணுக்கடியிலிருந்து எழுந்து வந்திருந்தது. மழை வந்ததும் மறைந்தது.

மான்செஸ்டர், ஷெஃபீல்டு பக்கம் போகும் தமிழர்கள் பலர் சாட்ஸ்வர்த்தையும் பார்க்கிறார்கள். போகிறவர்கள் மாளிகையோடு திரும்பிவிடாமல் ஆற்றுப் பாலம் தாண்டி, ஆடுகள் மேயும் புல்வெளி வழியே என்சர் வரை நடக்க வேண்டும். பூங்காவில் நடக்கக் கட்டணம் இல்லை. ஊரின் தேவாலயத்துக்குப் பின்னால் சரிவான கல்லறைத் தோட்டம். மேட்டில் டியூக்குகளும் அவர்கள் மனைவியரும் எளிய கற்களின் கீழ் கிடக்கிறார்கள். கேத்லீனும் அங்கேதான். 1963 ஜூனில், தான் கொல்லப்படுவதற்கு ஐந்து மாதம் முன்பு, அதிபர் கென்னடி ஹெலிகாப்டரில் வந்து தங்கையின் கல்லறையில் நின்றார். அந்தத் தோட்டத்திலேயே கம்பீரமாக எழுந்து நிற்கும் பெரிய கல்லறை ஒன்று உண்டு. அது டியூக் யாருடையதும் அல்ல, மதில் ஏறிக் குதித்து வேலைக்கு வந்த தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டனுடையது.